"அப்பா, இன்னைக்கு நாம ஜெயிக்கணுமா, தோக்கணுமா?"

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், பொங்கல் சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விழுந்து கிடக்கும் ஒரு கூடைப்பந்து அணி எழுந்து நிற்க, வேண்டுமென்றே தோற்பது உதவுமா, உதவாதா? இதுதான் தலைப்பு. உதவாது என்று பேச வந்திருக்கிறேன்.

பின்வரிசையில் இருக்கும் அம்மாக்கள் இது என்ன தலைப்பு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள், அதனால் ஒரு நிமிடம் விளக்கிவிடுகிறேன். என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் சீசனுக்கு 82 ஆட்டம். சீசன் முடிந்ததும், கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் பையன்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் டிராஃப்ட்; அந்த வரிசையில் கிடைக்கும் இடத்துக்குப் பெயர் பிக். அந்த வரிசையில் நிறையத் தோற்ற அணிக்குத்தான் முன்னுரிமை. பலவீனமானவனுக்குக் கொஞ்சம் பலம் சேரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதி. ஆனால் விதி இப்படி இருந்தால் சிலருக்கு என்ன தோன்றும்? "எப்படியும் கோப்பை கிடைக்கப் போவதில்லை, பேசாமல் அடிமட்டம் வரை தோற்றுவிடுவோம், பெரிய ஆட்டக்காரன் நம்மிடம் வரட்டும்." இதைத்தான் டேங்கிங் என்கிறார்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். களத்தில் ஆடுகிற பையன் யாரும் வேண்டுமென்று தோற்பதில்லை, அவன் உயிரைக் கொடுத்துத்தான் ஆடுகிறான். தோல்வி தயாராவது ஆபீஸ் அறையில். நன்றாக ஆடுபவனை விற்றுவிடுவது, லேசான வலி என்றாலும் ஓய்வு கொடுத்து உட்கார வைப்பது, அனுபவமே இல்லாத ஒரு கூட்டத்தைச் சேர்த்துக் களத்துக்கு அனுப்புவது, எல்லாம் அங்கே நடக்கும்.

இதை யாருமே செய்யாத அளவுக்குத் துணிந்து செய்த ஊர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நியூ ஜெர்ஸியில் இருக்கும் இந்த மண்டபத்திலிருந்து கிளம்பி டெலவேர் ஆற்றைத் தாண்டினால் ஃபிலடெல்ஃபியா. சிக்ஸர்ஸ் அணி. 2013 மே மாதம் சாம் ஹிங்கி என்பவர் ஜெனரல் மேனேஜராக வந்தார். அடுத்த மூன்று சீசனில் அந்த அணி ஜெயித்தது 19, 18, 10. மூன்று வருடத்தில் 246 ஆட்டம் ஆடி 47 வெற்றி. இதற்கு "பிராசஸ்" என்று ஒரு பெயர். "பிராசஸை நம்பு" என்பது இந்த வட்டாரத்தில் மந்திரம் மாதிரி ஆகிப்போனது.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

2015, நவம்பர். என் பையனுக்கு எட்டு வயது. ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். டிக்கெட் மலிவாகத்தான் கிடைத்தது, தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு யார் வருவார்கள்? டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸோடு ஆட்டம், அதற்கு இரண்டு டிக்கெட் முன்னாலேயே வாங்கி வைத்தேன். அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, லேக்கர்ஸின் பெரிய நட்சத்திரம் கோபி பிரையன்ட் இந்த சீசனோடு விடைபெறுகிறேன் என்று அறிவித்துவிட்டார். கோபி பிறந்த ஊர் ஃபிலடெல்ஃபியா. படித்தது பக்கத்தில் லோயர் மெரியன் பள்ளி. ஆக, நான் சும்மா வாங்கி வைத்த டிக்கெட், அவர் சொந்த ஊரில் ஆடும் கடைசி ஆட்டத்துக்கான டிக்கெட் ஆகிவிட்டது! ஆபீஸில் இரண்டு பேர் அதை விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று வீட்டில் சொல்லத்தான் செய்தார்கள். பரவாயில்லை என்று கிளம்பினோம். பாட்கோ ரயிலில் ஆற்றைத் தாண்டி, அங்கே இறங்கி பிராட் ஸ்ட்ரீட் ரயில் மாறி, கடைசி ஸ்டேஷன் வரை போக வேண்டும். பெட்டி முழுக்கக் கோபி பெயர் போட்ட மஞ்சள் சட்டை. என் பையன் மட்டும் நீலச் சட்டை, சிக்ஸர்ஸ் சட்டை, என் மடியில் உட்கார்ந்திருக்கிறான். ரயில் ஆடுகிறது. அவன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து ரகசியமாக ஒன்று கேட்டான்.

"அப்பா, இன்னைக்கு நாம ஜெயிக்கணுமா, தோக்கணுமா?"

இன்னொரு தரம் சொல்கிறேன் நடுவர் ஐயா, ஏனென்றால் பத்து வருடமாக இந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. எட்டு வயதுப் பையன். பிடித்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதன்முதலாக அரங்கத்துக்குப் போகிற வழியில், நம்ம அணி ஜெயிக்கணுமா தோக்கணுமா என்று அப்பாவிடம் அனுமதி கேட்கிறான். "ஏண்டா இப்படிக் கேக்கிற?" என்றேன். "ஸ்கூல்ல எல்லாரும் சொல்றாங்கப்பா, ஜெயிச்சா நல்ல பிக் போயிடுமாம்" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த ரயிலில் நான் என்ன சொன்னேன், அரங்கத்தில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது எதிரணித் தலைவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அண்ணன் நன்றாகப் பேசினார். நீங்களும் நன்றாகக் கை தட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள்? அவர் எங்கள் அணியைப் பார்த்துக் கை நீட்டிச் சொன்னார்: "இவர்கள் எல்லாம் லாட்டரிச் சீட்டே வாங்காமல், பரிசு விழவில்லையே என்று அழுகிறவர்கள்." நல்ல அடி. டிராஃப்ட் வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலுக்கே லாட்டரி என்றுதான் பெயர், அதனால் வார்த்தையும் பொருந்திவிட்டது.

சரி அண்ணே, லாட்டரியைப் பற்றியே பேசுவோம்.

நம் ஊரில் 2003-ல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தார்கள், ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு சீட்டுக் கடை, மைக்கில் கத்திக்கொண்டே இருப்பார்கள். என் சித்தப்பா ஒருவர் தினமும் வாங்குவார். ஒரு நாள் விடாமல் வாங்குவார். சட்டைப்பை நிறைய சீட்டு இருக்கும். சித்தி அவரைப் பார்த்து ஒரு நாளும் "சீட்டு வாங்கலையா" என்று கேட்டதில்லை. "அரிசி வாங்கலையா" என்றுதான் கேட்டார். அண்ணே, நீங்கள் பரிசை மட்டும் பேசினீர்கள், சீட்டுக்குக் கொடுத்த காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காசு கிடக்கட்டும், உங்கள் சீட்டுக்குப் பரிசாவது விழுகிறதா என்று பார்ப்போம். குலுக்கல் இயந்திரத்தில் 14 பந்து போடுகிறார்கள். நான்கு பந்து எடுக்கிறார்கள். அதில் 1001 விதமான சேர்க்கை வரலாம். ஒன்றை விட்டுவிட்டு மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் கடைசி அணிக்கு 250 கிடைத்தது, அதாவது 25 சதவீத வாய்ப்பு. வேண்டுமென்று தோற்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்றுதான் 2019-ல் அதை மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீதம். 82 ஆட்டமும் மண்ணைக் கவ்வினாலும் 14தான். அந்தக் கடைசி அணி ஐந்தாவது பிக்குக்குத் தள்ளப்பட எவ்வளவு வாய்ப்பு தெரியுமா? கிட்டத்தட்ட 48 சதவீதம். பாதிக்குப் பாதி!

இது காகிதக் கணக்கு. நடந்ததைச் சொல்கிறேன். 2019 முதல் 2025 வரை ஏழு குலுக்கல். ஏழில் ஒரு தடவைகூடக் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் பிக் விழவில்லை. ஒரு தடவைகூட. 2023-ல் டெட்ராய்ட், 17 வெற்றி, லீகிலேயே கடைசி. விக்டர் வெம்பன்யாமா என்ற ஏழடிக்கு மேல் உயரமான பிரெஞ்சுப் பையனுக்காக உலகமே காத்திருந்தது. அவர் சான் அன்டோனியோவுக்குப் போனார், டெட்ராய்ட்டுக்கு ஐந்தாவது பிக். அடுத்த வருடம் டெட்ராய்ட் இன்னும் கீழே போனது, 14 வெற்றி, நடுவில் தொடர்ச்சியாக 28 தோல்வி. மறுபடி ஐந்தாவது பிக். 2025-ல் யூட்டா, 17 வெற்றி, கடைசி. காயம் இல்லாத ஆட்டக்காரரை உட்கார வைத்தார்கள் என்று லீக் ஒரு லட்சம் டாலர் அபராதமும் போட்டது. கிடைத்தது என்ன? ஐந்தாவது பிக்.

அப்புறம் அந்த 2025-ல் முதல் பரிசு யாருக்கு விழுந்தது? டல்லஸுக்கு. 1.8 சதவீத வாய்ப்பு! கடைசி நாள் வரை பிளேஆஃப் என்ற கோப்பைச் சுற்றுக்குள் நுழைய முட்டி மோதி, மெம்ஃபிஸிடம் தோற்று வெளியே வந்த அணி அது. அந்த வருடம் எல்லோரும் எதிர்பார்த்த கூப்பர் ஃபிளாக் அவர்களுக்குக் கிடைத்தார். அதற்கு முந்தின வருடம் அட்லான்டா, வெறும் 3 சதவீதம், அதுவும் அதே மாதிரி கடைசி வரை போராடிய அணிதான். அண்ணே, ஜெயிக்கப் பார்த்தவன் கையிலும் சீட்டு இருந்தது. அவன் அரிசியையும் வாங்கிவிட்டுத்தான் சீட்டு வாங்கினான்.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. 2011-12, சார்லட் அணி. கதவடைப்பால் அந்த சீசன் 66 ஆட்டமாகக் குறைந்தது. அதில் 7 வெற்றி, 59 தோல்வி. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெற்றி விகிதம் அதுதான். அந்த வருடம் எல்லோருக்கும் வேண்டியது ஆந்தனி டேவிஸ். அவர் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார்.

இன்னும் விடமாட்டேன். பரிசு விழுந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். சிக்ஸர்ஸுக்கு விழுந்தது. 2016-ல் முதல் பிக், பென் சிம்மன்ஸ். நல்ல ஆட்டக்காரர்தான், ஆல்-ஸ்டார், அதாவது லீகின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆட்டம், அதுவரை போனார், கடைசியில் மனக்கசப்பில் முடிந்து 2022-ல் வேறு அணிக்குப் போனார். 2017-ல் இன்னொரு பிக்கையும் சேர்த்துக் கொடுத்து பாஸ்டனிடமிருந்து முதல் இடத்தை வாங்கி மார்க்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தார்கள். அந்தப் பையனுக்குத் தோள்பட்டைப் பிரச்சினை, சிக்ஸர்ஸுக்காக அவர் ஆடியது மொத்தம் 33 ஆட்டம். மூன்றாவது இடத்துக்கு இறங்கிப் போன பாஸ்டன் யாரை எடுத்தது? ஜேசன் டேட்டமை.

இதோடு ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஜ்ரூ ஹாலிடே. ஹிங்கி வந்ததும் முதலில் விற்றது இவரைத்தான். அப்போது ஹாலிடேவுக்கு 23 வயது, அந்த வருடம்தான் ஆல்-ஸ்டார் ஆகியிருந்தார். எதிரணியில் பேசிய தங்கை "விதைநெல்லை மண்ணில் போட்டால்தான் விளையும்" என்றார். தங்கச்சி, கையில் இருந்த விதைநெல் ஹாலிடே. அதைத்தான் இவர்கள் விற்றார்கள். அந்த ஹாலிடே 2021-ல் மில்வாக்கியோடு கோப்பை வாங்கினார். 2024-ல் பாஸ்டனோடு இன்னொரு கோப்பை வாங்கினார். 2024-ல் பக்கத்தில் நின்று அவரோடு கோப்பையைப் பிடித்தது யார்? டேட்டம். ஃபிலடெல்ஃபியா விற்ற பையனும், ஃபிலடெல்ஃபியா வேண்டாம் என்று தாண்டிப் போன பையனும் ஒரே மேடையில் நின்றார்கள். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் டி.வி.யை அணைத்துவிட்டு யாரும் பேசவில்லை.

மில்வாக்கி என்றதும் ஞாபகம் வருகிறது. 2013 டிராஃப்ட், ஹிங்கியின் முதல் டிராஃப்ட். சிக்ஸர்ஸ் கையில் 6-ஆவது பிக்கில் வந்த ஆளும் இருந்தார், 11-ஆவதும் இருந்தது. 15-ஆவதாக மில்வாக்கி ஒரு கிரேக்கப் பையனை எடுத்தது, யானிஸ் ஆன்டெடோகும்போ. அடுத்த வருடம் 41-ஆவது பிக்கில் டென்வர் ஒரு செர்பியப் பையனை எடுத்தது, நிகோலா யோக்கிச். அவர் பெயரை அறிவிக்கும்போது டி.வி.யில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, யாருமே பார்க்கவில்லை. ஸ்டெஃபன் கரி ஏழாவது பிக். கவாய் லெனர்டு 15. பெரிய நட்சத்திரங்களான இவர்களை எடுக்க யாரும் 72 ஆட்டம் தோற்க வேண்டியிருக்கவில்லை. நல்ல கண் இருந்தால் போதும். எடுத்த பையனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க நாலு மூத்தவர்கள் இருந்தால் போதும்.

எதிரணி இரண்டு உதாரணத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது, அதையும் தொட்டுவிடுகிறேன். ஒன்று சான் அன்டோனியோ. 1996-97-ல் 20 வெற்றி, அடுத்து டிம் டங்கன் வந்தார், அப்புறம் ஐந்து கோப்பை. உண்மை. ஆனால் அந்த வருடம் அவர்களுடைய தூண் டேவிட் ராபின்சன் காயத்தோடு ஆறே ஆட்டம்தான் ஆடினார். டங்கன் வந்தபோது ராபின்சனும் திரும்பி வந்தார், வீடு ஏற்கெனவே கட்டி நின்றது. டங்கனுக்காகவே அந்த வருடம் கீழே கிடந்த அணி வேறொன்று என்று ஊரே பேசியது, பாஸ்டன், 15 வெற்றி, குலுக்கலில் அதிக வாய்ப்பு அவர்கள் கையில்தான் இருந்தது. அவர்களுக்கு விழுந்தது மூன்றாவதும் ஆறாவதும்.

இரண்டாவது, ஓக்லஹோமா சிட்டி, 2025 சாம்பியன். அவர்களும் சில வருடம் வேண்டுமென்று கீழே கிடந்தார்கள், 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 பாயின்ட் வித்தியாசத்தில் தோற்று வரலாற்றிலேயே பெரிய தோல்வியைச் சந்தித்தார்கள், அதில் கிடைத்த இரண்டாவது பிக்தான் செட் ஹோம்கிரன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா. ஆனால் அந்த அணியின் தலைவன் ஷேய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் எங்கிருந்து வந்தார்? 2019-ல் பால் ஜார்ஜைக் கொடுத்து கிளிப்பர்ஸிடம் வாங்கினார்கள். அதுவும் 11-ஆவது பிக்கில் வந்தவர். ஜேலன் வில்லியம்ஸ்? 12-ஆவது பிக், அதுவும் கிளிப்பர்ஸ் கொடுத்த பிக். ஓக்லஹோமாவைத் தூக்கி நிறுத்தியது நல்ல வியாபாரமும் நல்ல கண்ணும். இறுதித் தொடரில் அவர்களை ஏழாவது ஆட்டம் வரை இழுத்துப் போனது இந்தியானா, இப்படிக் கீழே படுத்துக் கிடந்து கட்டிய அணி அல்ல அது.

டெட்ராய்ட்டையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 14 வெற்றியில் கிடந்தார்களே, அடுத்த சீசனில் 44 வெற்றி! எப்படி? இன்னொரு வருடம் தோற்றதாலா? புதுக் கோச் வந்தார். டோபையஸ் ஹாரிஸ் மாதிரி மூத்த ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். கேட் கன்னிங்ஹாம் என்ற நல்ல பையன் ஏற்கெனவே அங்கேதான் இருந்தான், அவனைச் சுற்றி ஜெயிக்கத் தெரிந்த நாலு பேர் நின்றதும் அணி எழுந்துவிட்டது.

"எம்பீட் இருக்கிறாரே" என்று தங்கை கேட்பார். இருக்கிறார். ஜோயல் எம்பீட் பிராசஸ் கொடுத்த பிள்ளைதான், தனக்கே "தி பிராசஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டவர், 2023-ல் எம்.வி.பி., அதாவது லீகின் சிறந்த ஆட்டக்காரர். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம். ஆனால் 2018-க்கும் 2023-க்கும் நடுவில் ஐந்து தடவை பிளேஆஃபின் இரண்டாம் சுற்றோடு வீட்டுக்கு வந்தார்கள். 2019-ல் டொரான்டோவில் கவாய் லெனர்டு கடைசி நொடியில் போட்ட பந்து வளையத்தில் நாலு தடவை துள்ளி உள்ளே விழுந்ததே, அன்றைக்கு எம்பீட் அழுதுகொண்டே போனார். அந்த மனிதனுக்குத் தோற்றுப் பழக வேண்டிய அவசியமே இருக்கவில்லை, பக்கத்தில் நிற்க ஒரு ஹாலிடே வேண்டியிருந்தது. 2024-25-ல் பார்த்தால் அணி மறுபடி 24 வெற்றி, 58 தோல்வி. பத்து வருடம் கழித்து, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. இரண்டு நிமிடம் கொடுங்கள், என் பையனை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"ஜெயிக்கணுமா தோக்கணுமா" என்று கேட்டான் அல்லவா, நான் ஒன்றுமே சொல்லவில்லை. "போய்ப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு சிக்ஸர்ஸ் அந்த சீசனில் 18 ஆட்டம் ஆடி பதினெட்டும் தோற்றிருந்தது. முந்தின சீசன் கடைசிப் பத்தையும் சேர்த்தால் தொடர்ச்சியாக 28 தோல்வி. உள்ளே போனால் அரங்கம் நிறைந்து வழிகிறது. ஆட்டத்துக்கு முன்னால் சிக்ஸர்ஸின் பழைய நட்சத்திரம் ஜூலியஸ் எர்விங் வந்தார், கோபியின் பள்ளிக் கோச்சும் வந்தார், லோயர் மெரியனில் கோபி போட்ட 33-ஆம் எண் சட்டையை ஃபிரேம் போட்டுக் கொடுத்தார்கள். 2002-ல் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு வந்தபோது இதே ஊர் கோபியைப் பார்த்துக் கூச்சல் போட்டது. அன்றைக்கு எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆட்டம் தொடங்கியதும் தூரத்திலிருந்து மூன்று பந்தைச் சடசடவென்று போட்டார், அரங்கம் அதிர்ந்தது. அப்புறம் அவருக்குப் பந்து விழவில்லை. வயதாகிவிட்டது. 26 தடவை எறிந்து ஏழுதான் உள்ளே போனது, ஆனாலும் எறிந்துகொண்டே இருந்தார்.

நாலாவது குவார்ட்டரில் சிக்ஸர்ஸ் முன்னால் இருந்தது. என் பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கை தட்டவும் இல்லை, கத்தவும் இல்லை, என் முகத்தையும் ஸ்கோர் பலகையையும் மாறி மாறிப் பார்க்கிறான். சந்தோஷப்படலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை! எனக்கு அப்போதுதான் நெஞ்சு அடைத்தது. அவன் தோளைப் பிடித்துச் சொன்னேன், "டேய், கத்துடா. ஜெயிக்கணும்டா. எப்பவுமே ஜெயிக்கணும்."

அவன் எழுந்து கத்தினான் பாருங்கள். நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். 103-க்கு 91, ஜெயித்தோம். அந்த மூன்று வருடத்தில் கிடைத்த 47-இல் ஒன்று. திரும்பி வரும் ரயிலில் குரல் போய்விட்டது அவனுக்கு, சைகையில்தான் பேசினான். செர்ரி ஹில் வருவதற்குள் என் தோளில் தூங்கிவிட்டான், கையில் டிக்கெட்டைப் பிடித்தபடியே.

அந்த வருட அணியில் டி.ஜே. மெக்கானல் என்று ஒரு பையன் இருந்தார். டிராஃப்டில் அவரை யாருமே எடுக்கவில்லை. ஒல்லியான ஆள், பந்து எங்கே போனாலும் விழுந்து புரண்டு பிடிப்பார். 72 தோல்வி கண்ட அணியில் ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான் ஆடினார். 2025 ஜூனில், இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், இந்தியானா சட்டையில் அதே மெக்கானல் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஐந்து தடவை எதிரணிப் பந்தைப் பறித்தார். அன்றைக்கு ராத்திரி நண்பர்களோடு இருந்த என் பையன் எனக்கு போன் செய்தான். பதினெட்டு வயது. குரல் கட்டியிருந்தது. "அப்பா, பாத்தீங்களா? நம்ம மெக்கானல்பா" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான், "கோபி மேட்ச் டிக்கெட் வீட்லதானே இருக்கு? அன்னைக்கு நாம ஜெயிச்சோம்ல?"

கோபி இப்போது இல்லை. 2020 ஜனவரியில், மகளோடு சேர்ந்து போய்விட்டார். என் பையன் அவரை நேரில் பார்த்தது அந்த ஒரு ராத்திரிதான்.

டிக்கெட் வீட்டில்தான் இருந்தது, சாமி படத்துக்குக் கீழே இருக்கும் டிராயரில். கிளம்பும்போது எடுத்து வந்தேன். இதோ ஐயா, மடங்கியிருக்கிறது, மெதுவாகப் பிரியுங்கள். தேதி மங்கிவிட்டது, ஆனால் படிக்கலாம். பார்த்துவிட்டு எதிரணித் தலைவரிடமும் கொடுங்கள். தீர்ப்பு சொல்லி முடித்ததும் மறக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பையன் வெளியே காரில் காத்திருக்கிறான், பத்திரமாகக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறான்.